கதவு நிலையை அளந்துவிட்டீர்களா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த மாதிரி ரயில் லேஅவுட் படமும் கிடைத்தன. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் காம்பஸ் வைத்து அழகாக வரைந்திருக்கிறீர்கள். எட்டுக்கு நாலு பிளைவுட், அதில் இரட்டை வட்டப்பாதை, எதிரெதிரே இரண்டு ஸ்டேஷன், மூலையில் மலை, மலைக்குள் குகை, ஒரு பாதை இன்னொன்றின் மேல் ஏறிப் போகப் பாலம். அடியில் ஒரு வரி: இப்போதிருக்கும் வாடகை வீட்டில் இடமில்லை, சொந்த வீடு கட்டியபின் மாடியில் ஓர் அறை ஒதுக்கித் தொடங்கலாமா என்று.

அதுவரை காத்திருக்காதீர்கள். அதற்காக இந்தப் படத்தை இப்போதே செய்யவும் ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்று சொல்ல என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நானும் இதேபோல் எட்டுக்கு நாலில்தான் தொடங்கினேன். சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு. பலகையை நிமிர்த்திப் பிடித்துப் படியேற்றிவிட்டார்கள். ஹாலில் வைத்து ஆசாரி அடியில் சட்டம் அடித்தார். மேலே நான் ஒன்றரை வருடம் மலை கட்டினேன். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன மாதம்தான் தெரிந்தது, வெறும் பலகையாக ஏறி வந்தது சட்டமும் மலையும் சேர்ந்தபின் படிக்கட்டுத் திருப்பத்தில் இறங்காது என்று. சாமான் ஏற்ற வந்தவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதே ஆசாரியை வரவழைத்தேன். குகையின் நட்ட நடுவே ரம்பம் ஓடியது. ஒயர் முழுக்க ஒரே நிறத்தில் வாங்கியிருந்தேன், மலிவாகக் கிடைத்ததே என்று. அறுபட்ட நாற்பது முனைகளில் எது எதோடு சேரும் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பாதியும் புது வீட்டுப் பரணில் நெடுநாள் கிடந்து, கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போயின.

அன்றிலிருந்து எந்தப் படம் வரைந்தாலும் வெட்டுக்கோட்டைத்தான் முதலில் போடுகிறேன். எங்கே பிரியும், பிரிந்த துண்டு எந்த வாசல் வழியாகப் போகும் என்று முடிவான பிறகே தண்டவாளம். பிரித்தெடுக்கத் தோதாகச் செய்த லேஅவுட்டை நீட்டுவதும் சுலபம். வெட்டுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டைக் கொண்டுவந்து வைத்தால் முடிந்தது.

இடம் போதாது என்கிறீர்களே, அதையும் கணக்குப் போட்டே பார்ப்போம். நம் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 22 பெட்டி சேர்ந்தால் 528 மீட்டர். ஹெச்.ஓ. ஸ்கேல் என்பது 87-இல் ஒரு பங்கு. அதில் இந்த வண்டி ஆறு மீட்டர், அதாவது இருபதடி. 160-இல் ஒரு பங்கான ‘என்’ ஸ்கேலில்கூடப் பதினோரு அடி வரும். நீங்கள் கட்டப்போகும் மாடி அறை எத்தனை அடி? இருபதடி வண்டி நிற்க இருபதடி பிளாட்பாரம் வேண்டும். சொந்த வீடு கட்டினாலும் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு இடம் போதாது. மேலே ஏறிப்போகும் பாலம் இன்னும் மோசம். ஹெச்.ஓ.வில் கீழே ஓர் இன்ஜின் இடிக்காமல் போக எட்டு சென்டிமீட்டராவது உயர வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றத்தில் அதற்கு ஒன்பதடி ஓட்டம். உங்கள் பலகையே எட்டடிதான்.

ஆகவே நீளத்தைக் குறைக்க வேண்டியது பாதையில் இல்லை, வண்டியில். நாலே பெட்டியோடு கம்பீரமாக வந்து நிற்கும் வண்டி எது என்று தேடுங்கள். கோயம்புத்தூர்க்காரரான உங்களுக்கு அதை நான் சொல்லித்தரவேண்டுமா?

நீலகிரி மலை ரயிலைத்தான் சொல்கிறேன். ஆனால் மலையைச் செய்யச் சொல்லவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கரப் பாதை அது. அதன் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே சுமார் 100 மீட்டர், 87-இல் ஒரு பங்காக்கினாலும் ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு வளைவு திரும்புவதற்குள் உங்கள் ஹால் முடிந்துபோகும். குன்னூர் ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கிறது. பல்சக்கர வேலை அங்கே முடிகிறது. இன்ஜினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். வண்டி சற்றுப் பின்னுக்கு வந்து அதன் பிறகே ஊட்டிப் பக்கம் ஏறுகிறது. வந்த தடமும் போகும் தடமும் ஸ்டேஷனின் ஒரே முனையில் இருப்பது நமக்கு எவ்வளவு வசதி! அலமாரிப் பலகை போன்ற நீண்ட ஒடுக்கமான ஒரு துண்டில் ஸ்டேஷனும் ஷெட்டும் அடங்கிவிடும். வளைவும் வேண்டாம், வட்டமும் வேண்டாம்.

அந்த முனைக்கு அப்பால்? ஒரு தடுப்பு, அதன் பின்னால் மூன்று தடங்கள். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் வேஷம் கட்டும் இடம் இருக்குமல்லவா, அது மாதிரி. மேட்டுப்பாளையம், ஊட்டி இரண்டும் அங்கேதான். மேட்டுப்பாளையம் வண்டியாக உள்ளே போனதைக் கையால் எடுத்து இன்ஜின் மாற்றி ஊட்டி வண்டியாக வெளியே அனுப்பலாம். ஆங்கிலேயர்கள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் வீடுகளும் சிறியவையே. லண்டனில் ஒரு தெருவின் பெயரை வைத்து ‘மைனரிஸ்’ என்று சிரில் ஃப்ரீசர் என்ற பத்திரிகை ஆசிரியர் 1957-இல் ஒரு படம் வெளியிட்டார். ஒடுக்கமான பலகையில் பெருநகர டெர்மினஸ் ஒன்றை அடக்கிய படம். இன்றைக்கும் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள்.

வட்டத்தை வேண்டாம் என்கிறானே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். வட்டம் முதல் இருபது நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு மீன் தொட்டி பார்ப்பதுபோலத்தான். சின்ன இடத்தில் வண்டி ஓடுவதைவிட அது நிற்பதற்குக் காரணம் இருப்பதே ருசி. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். அதற்குத் தடத்தைப் பிரிக்கும் பாயிண்ட் வெறும் இரண்டு போதும். ஒரு தடத்தில் ஐந்து கூட்ஸ் வேகன் நிற்க இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. முன்னால் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே கொள்ளும் ஒரு தடம். ஆனால் ஆட்டத்தில் மொத்தம் எட்டு வேகன்தான். எட்டுப் பெயரையும் சீட்டில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் குலுக்கி ஐந்து சீட்டு எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனும் நீளமான தடத்தில் கோத்து நிற்க வேண்டும், கை வைக்கக் கூடாது. சீட்டு விழும் வரிசைகள் 6,720. என்னுடையது ‘என்’ ஸ்கேலில் மூன்றரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஆட்டம் போட்டால் கால் மணி நேரம் போகும். என் மனைவிக்கு ரயில்மேல் ஒரு பிரியமும் கிடையாது, ஆனால் இந்த ஆட்டத்தில் என்னைவிடக் குறைந்த நகர்த்தலில் முடித்துவிடுகிறாள்.

நீங்கள் தொடங்க வேண்டிய முதல் துண்டு இதுதான் என்பேன். குன்னூரில் கூட்ஸ் யார்டு இருந்ததா என்று ஆராய வேண்டாம், கற்பனைக்கும் கொஞ்சம் இடம் விடுவோம். இதை ஓட்டப் பழகியபின் பக்கத்தில் ஸ்டேஷன் துண்டு, அதற்கப்புறம் திரைக்குப் பின்னால் இருக்கும் துண்டு. ஒவ்வொன்றும் மூன்றரை அடியைத் தாண்ட வேண்டாம், ஒருவர் இரு கையால் தூக்க வேண்டும். அகலம் இரண்டடிக்கு மேல் போனால் பின்வரிசையில் தடம்புரண்ட பெட்டியை எடுக்கும்போது முன்வரிசை மரங்கள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

இனி இணைப்பு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். இரு பலகையின் முனைச் சட்டங்களையும் நெருக்கி, கதவுக்குப் போடும் பித்தளைக் கீலை மேலும் கீழுமாக மாட்டுங்கள், நடு ஆணியை உருவ வருவதாகப் பார்த்து. ஆணியை உருவினால் பலகை பிரியும், செருகினால் மயிரிழை பிசகாமல் பழைய இடத்தில் உட்காரும். அடுத்து, வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே பித்தளைத் திருகு ஒவ்வொன்று இறக்குங்கள். தண்டவாளத்தை ஒரே துண்டாகக் கோட்டின் குறுக்கே போட்டு, நான்கு திருகுத் தலையிலும் சால்டர் வைத்துப் பிடித்த பிறகே மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டு அப்புறம் நேராக்கலாம் என்று நினைத்தால் ஒருநாளும் நேராகாது. ஒயர்கள் அந்த இடத்தில் பிளக்கில் முடியட்டும். நிறம் வேறு வேறாக வாங்குங்கள், இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்கேல் விஷயத்தில் ஒரு தலைவலி உண்டு. நீலகிரி, மீட்டர் கேஜ். ஹெச்.ஓ. அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தடம் தனியாக வருகிறது, ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களுக்காக. நம் பல்சக்கர நீராவி இன்ஜின்களில் பழையவை அந்நாட்டு வின்டர்தூரில் செய்தவைதான், ஆகவே சாயல் ஓரளவு ஒத்துப்போகும். விலைதான் வயிற்றைக் கலக்கும். ‘என்’ ஸ்கேலின் 9 மில்லிமீட்டர் தடத்தையே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ற அளவில் பெட்டிகளை அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் நீங்களே செய்வது இன்னொரு வழி. பிராட் கேஜ் ஆசைக்காரர்களும் சமரசம் செய்துகொண்டவர்களே. நம் 1,676 மில்லிமீட்டர் ஹெச்.ஓ.வில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும், எல்லோரும் 16.5-இல் ஓட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

காட்சி அமைப்பைப் பற்றி எனக்குப் புத்தகமே கற்றுத்தரவில்லை, கொலுதான் கற்றுத்தந்தது. படிக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து, கேழ்வரகு முளைக்கவைத்துப் பார்க் கட்டாத வீடு உண்டா? அதே கைதான். வடிகட்டிய டீத்தூளை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் ஈரமண். சாயம் போட்ட மரத்தூள் புல். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பச்சை தோய்த்தால் தேயிலைச் செடி, குன்னூருக்கு இதைவிட என்ன வேண்டும்! மைதாப் பசை மட்டும் கூடவே கூடாது. என் முதல் மலையில் கரப்பான் குடித்தனம் நடத்தியது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். பிளைவுட்டில் விளிம்பும் அடியும் உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துவிடுங்கள், ஐப்பசி ஈரத்தில் உப்பாமலிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரித் தெரியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்பவர் 1940-களில் ஏழடிகூட இல்லாத சின்ன லேஅவுட் ஒன்று கட்டினார். பிற்பாடு நிலவறை முழுக்க அடைத்துக்கொண்ட, உலகமே படம் பார்த்து வியந்த அவருடைய பெரிய லேஅவுட்டுக்குள் அந்தப் பழைய துண்டு அப்படியே ஒரு மூலையில் சேர்ந்துகொண்டது. ஷன்டிங் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு டைனோசரையும் அங்கே வேலைக்கு வைத்திருந்த மனிதர் அவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் தீப்பிடித்து அந்த லேஅவுட்டின் பெரும்பகுதி போய்விட்டது. படங்களைத் தேடிப் பாருங்கள், ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

எழுதும்போது மறக்காமல் மூன்று அளவுகளையும் அனுப்புங்கள். வாசல் கதவு நிலையின் அகலம், படிக்கட்டுத் திருப்பத்தின் நீள அகலம், பரணின் ஆழம். முதல் துண்டுக்கான படத்தை அதை வைத்து நான் போட்டு அனுப்புகிறேன். லிஃப்ட் இருந்தால் அதன் உள்ளளவும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்