நடவுக்கு வருவோரை நம்மவராக்குவோம்



நாற்று தயாராக இருந்தும் நடவுக்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்த அனுபவம் திருத்தணி வட்டாரத்தில் உங்களில் பலருக்கு இருக்கும். இளைஞர்கள் மின்சார ரயிலேறிச் சென்னைப் பக்கம் வேலைக்குச் சென்று விடுகின்றனர். திருவள்ளூர் மாவட்டத்திலும் காவிரிப் பாசனப் பகுதியிலும் பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் குழுவாக வந்து நடுவதை இப்போது காண்கிறோம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. உழவர்கள் முதுமையடைந்து கிராமங்கள் வெறிச்சோடிய ஜப்பானும், 2019 ஏப்ரல் முதல் வேளாண்மை உள்ளிட்ட 14 தொழில்களில் வெளிநாட்டுத் தொழிலாளரைத் தனி அனுமதியில் ஏற்கத் தொடங்கியது.

வேற்றுமொழியாரோடு கூடி வாழ்வது நமக்குப் புதிதன்று. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது எல்லைதான் மாறியது. தமிழும் தெலுங்கும் பேசுவோர் அடுத்தடுத்த வயல்களில் பயிரிடுவது மாறவில்லை.

சொர்ணவாரி, நவரைக்கேற்ற குறுகிய கால நெல்லுக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாள். வயது கடந்தால் தூர் குறையும், மகசூலும் குறையும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. அண்டை வயல்காரர்கள் கூடிப் பேசி, சில நாள் இடைவெளியில் நாற்று விடுங்கள். ஒரே குழு வரிசையாக எல்லா வயலையும் நட்டு முடிக்கலாம்.

2. உள்ளூர் நடவுப் பெண்களுக்கு முதலிடம் கொடுங்கள். வெளியாரைக் காட்டி அவர்கள் கூலியைக் குறைத்தால் ஊரில் பகைதான் வளரும். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதே நியாயம்.

3. கூலியை முன்கூட்டியே பேசி, நட்டு முடித்த அன்றே அவரவர் கையில் கொடுங்கள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

4. அனுபவமுள்ள உள்ளூர்ப் பெண் ஒருவரை முதல் வரிசை நட்டுக் காட்டச் சொல்லுங்கள். 15 x 10 செ.மீ. இடைவெளி, குத்துக்கு 2 அல்லது 3 நாற்று, 3 செ.மீ. ஆழம் போதும். ஒரு சதுர மீட்டரில் 66 குத்துகள் உள்ளனவா என்று உடனிருந்து எண்ணிப் பாருங்கள். கண்ணால் கண்டு கற்க மொழி தடையன்று.

5. தங்க இடம், குடிநீர், கழிப்பிடம் ஏற்பாடு செய்யுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டை பெற்றவர்கள் இங்குள்ள நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்துத் தானியம் பெறலாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இவ்வசதி உண்டு. கடைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

மரியாதையுடன் நடத்தப்பட்ட குழு அடுத்த பருவத்திலும் வரும்; உங்கள் வயலின் மேடு பள்ளத்தையும் அறிந்திருக்கும். நிலம் தரிசாகாமல் இருந்தால்தான் ஊர் ஊராக இருக்கும். அடுத்த நாற்று விடுமுன் அண்டை வயல்காரருடன் அமர்ந்து பேசுங்கள்.