"அப்புறம் வாங்கித் தருகிறேன்"

முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்க நான் இன்னமும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் போகிறேன். சென்ற மாதம் ஆறு வயதுப் பேரனும் உடன் வந்தான். மீன் வாடை, ஈரத் தரை, இடித்துக்கொண்டு போகும் கூட்டம். பெரியவர்களுக்கே தலை சுற்றும். நேந்திரங்காய் சிப்ஸைக் கண்டவன் நகர மறுத்தான். "காய் வாங்கிட்டு அப்புறம் வாங்கித் தரேன்" என்றேன். தரையில் உட்கார்ந்து ஒரே அழுகை.

"கண்ணை மூடிக்கோ, மூச்சை மெதுவா விடு" என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"போன தடவையும் அப்புறம்னுதானே சொன்னீங்க தாத்தா? வாங்கியே தரலை!"

உண்மை. எனக்கு மறந்துவிட்டது, அவனுக்கு மறக்கவில்லை.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதே ஐ.என்.ஏ.வுக்கு அருகிலுள்ள தியாகராஜ் அரங்கத்தில்தான் 2018 ஜூலையில் தலாய் லாமா, தில்லி அரசுப் பள்ளிகளுக்கான 'மகிழ்ச்சிப் பாடத்திட்ட'த்தைத் தொடங்கி வைத்தார். நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை, சில நிமிடம் அமைதியாக அமர்ந்து மனத்தைக் கவனிப்பதில் வகுப்பு தொடங்கும்படி அது அமைக்கப்பட்டது. ஆனால் பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சி வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

பேரனின் கேள்விக்கு விடை வேறோர் ஆய்வில் இருக்கிறது. தின்பண்டத்தை எதிரே வைத்து, "பொறுத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும்" என்று குழந்தைகளைச் சோதித்தவர் ஸ்டான்ஃபோர்டின் வால்டர் மிஷல். 2013-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் அச்சோதனைக்கு முன் ஒரு காரியம் செய்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஓவியம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றார்கள். சிலருக்குக் கொண்டுவந்தார்கள். சிலரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னிக்கணும், இல்லை" என்றார்கள். பிறகுதான் தின்பண்டம். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். மொத்தம் 28 குழந்தைகள்தாம், சிறிய ஆய்வு. ஆனாலும் என்னைச் சுட்டது. ஏமாந்த குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது? கைக்குக் கிடைத்ததை உண்டுவிடுவதுதானே அதற்குப் புத்திசாலித்தனம்!

அன்று காயை விட்டுவிட்டு முதலில் சிப்ஸ் வாங்கினேன். "அழுததுக்குப் பரிசா, அப்பா?" என்றாள் மருமகள் வீட்டில். பழைய கடன் என்றேன். அவளுக்கு முழுத் திருப்தியில்லை.

மறுமுறை, "நாலு கடை, அப்புறம் சிப்ஸ்" என்று எண்ணிக்கை சொல்லி அழைத்துப் போனேன். பையைப் பிடித்தபடி, "இன்னும் எத்தனை கடை?" என்று மூன்று முறை கேட்டான். அழவில்லை. ஐந்தாவதாகத் தேங்காய்க் கடை நினைவுக்கு வந்தது. சிப்ஸ் வாங்கிய பிறகே அங்கே போனோம்.