தங்கைக்கு ஒரு பாலர் பள்ளி

அப்போது என் தங்கைக்கு மூன்று வயது நிறையவில்லை. பிறந்த நான்காம் மாதத்திலிருந்து பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் பாட்டிதான். அம்மா மருத்துவமனையில் தாதி. அப்பாவுக்கு விமான நிலையத்தில் சுழல்முறை வேலை. நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது பாட்டியும் தங்கையும் சன்னலோரம் அமர்ந்து, கீழே செல்லும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். தங்கைக்குப் பத்து வரை எண்ணத் தெரியும். அதுவும் தமிழில் மட்டும்.

ஜூன் விடுமுறையின்போது, பாட்டியின் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறினார்.

“ஓடுற பிள்ளைக்குப் பின்னால இனி என்னால ஓட முடியாதும்மா,” என்றார் பாட்டி.

“ஜனவரியில் பாலர் பள்ளியில் சேர்த்துவிடலாம், அத்தை,” என்றார் அம்மா.

பாட்டி தலையசைத்தார். சற்று நேரம் கழித்து, “அங்கே அவ தமிழ்ல ஏதாவது கேட்டா யாருக்குப் புரியும்?” என்று கேட்டார். எங்களில் எவரும் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு அப்பா ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். சிங்கப்பூரில் ஒரு பிள்ளை மூன்று வயதை எட்டும் ஆண்டில் நர்சரி ஒன்றிலும், அடுத்த ஆண்டில் நர்சரி இரண்டிலும் சேரலாம். ஐந்து, ஆறு வயதில் பாலர் வகுப்பு ஒன்று, இரண்டு. அதன்பின் தொடக்கப்பள்ளி. சில பாலர் பள்ளிகள் நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம் மட்டுமே நடைபெறும். முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாகக் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடப்படும். அம்மாவும் அப்பாவும் வேலை செய்வதால் எங்களுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

“எல்லா நிலையங்களும் பாதுகாப்பானவைதானா?” என்று கேட்டேன்.

“2013ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பாலர் பருவ மேம்பாட்டு வாரியம் அவற்றைக் கண்காணிக்கிறது. 2019 முதல் பாலர் பள்ளிகளும் பராமரிப்பு நிலையங்களும் ஒரே சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன. நர்சரி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மட்டும் இருந்தால், அவர் 12 பிள்ளைகள் வரைதான் பார்த்துக்கொள்ளலாம். நர்சரி இரண்டில் 15 பேர்,” என்றார் அப்பா. “உரிமம் அடிப்படைப் பாதுகாப்புக்கு உறுதி தரும். அந்த இடம் நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை நாம்தான் நேரில் சென்று பார்க்க வேண்டும்.”

அறுவை சிகிச்சைக்கு முன்பே மூன்று நிலையங்களுக்குச் சென்றோம். பாட்டியும் உடன் வந்தார்.

முதலாவது நிலையம் ஒரு கடைத்தொகுதியில் இருந்தது. சுவர் முழுவதும் வண்ண ஓவியங்கள். வகுப்பில் பிள்ளைகள் புள்ளிகளை இணைத்து ஆங்கில எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர். “தொடக்கப்பள்ளிக்குப் போவதற்குள் சரளமாக வாசித்துவிடுவார்கள்,” என்று எங்களை அழைத்துச் சென்ற அலுவலர் பெருமையுடன் கூறினார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்நேரம் தங்கை அவரது சட்டையைப் பிடித்து இழுத்து, “தண்ணி வேணும்,” என்றாள். அவர் புன்னகையுடன், “ஆங்கிலத்தில் சொல்லு, பார்ப்போம்,” என்றார். தங்கை பாட்டியின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அங்கிருந்து கிளம்பும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது நிலையத்தில் தமிழாசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, அவர் சொன்ன கதைக்கேற்பக் காக்கையாகவும் நரியாகவும் நடித்தனர். தங்கையும் ஓடிச்சென்று அவர்களுடன் உட்கார்ந்துவிட்டாள். பாட்டிக்கு மட்டற்ற மகிழ்ச்சி. ஆனால், அந்த நிலையத்துக்குச் செல்ல நாங்கள் இரண்டு பேருந்துகள் மாற வேண்டியிருந்தது. பயணத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நிலையத்திலிருந்து உடனே தொலைபேசி அழைப்பு வரும். கை, கால், வாய்ப்புண் நோய் போன்றவை பிற பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால் வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும். அம்மா பணிநேரத்தில் இருந்தால் யார் போவது?

மூன்றாவது நிலையம் எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி, கீழ்த்தளத்தில் இருந்தது. விளையாட்டுப் பொருள்கள் பழையவை; ஆனால், தூய்மையாக இருந்தன. அங்கே தமிழ் கற்பிப்பவர் இல்லை. தங்கை மீண்டும், “தண்ணி வேணும்,” என்றாள். சீன ஆசிரியை ஒருவர் அவள் முன் குந்தி அமர்ந்து, அவள் கண்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், “என்ன கேட்கிறாள்?” என்று ஆங்கிலத்தில் வினவினார். நான் சொன்னேன். அவர், “தண்ணி, தண்ணி,” என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு குவளையில் தண்ணீர் கொண்டு வந்து, “தண்ணி?” என்று நீட்டினார். உச்சரிப்பு சற்றுப் பிசகியது. தங்கை சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள்.

அன்றிரவு வீட்டில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது.

“தமிழ் முக்கியமில்லையா? தூரம் என்றாலும் இரண்டாவது நிலையத்திலேயே சேர்ப்போம்,” என்றார் அம்மா.

“முக்கியம்தான். ஆனால், மூன்று வயதுப் பிள்ளை தினமும் நூறு நிமிடம் பேருந்தில் போய் வருவதா?” என்றார் அப்பா.

இருவரும் பாட்டியைப் பார்த்தனர். தமிழைப் பற்றி முதலில் கேட்டவர் அவர்தானே! அவர் இரண்டாவது நிலையத்தையே தேர்ந்தெடுப்பார் என்று நினைத்தேன்.

“தமிழை அவ மறந்துடுவாளோன்னு மட்டும் நான் பயப்படலை,” என்றார் பாட்டி. “தமிழ்ல பேசுறதுக்கு வெட்கப்பட ஆரம்பிச்சிடுவாளோன்னுதான் பயம். அந்தச் சீனப் பொண்ணுகிட்ட அவ வெட்கப்படலையே. கால் சரியானதும் சாயங்காலம் நானே நடந்துபோய்க் கூட்டிட்டு வந்துடுவேன். வர்ற வழியெல்லாம் தமிழ்ல பேசிக்கிட்டு வருவோம்.”

நான் தரையைப் பார்த்தேன். நண்பர்களுடன் இருக்கும்போது பாட்டியின் தொலைபேசி அழைப்பு வந்தால், நான் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வது நினைவுக்கு வந்தது. பாட்டி என்னைக் குறை கூறவில்லை. இருந்தாலும், அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது.

இறுதியில், மூன்றாவது நிலையத்தையே தேர்ந்தெடுத்தோம். அங்கே தமிழ் இல்லை என்ற குறையை நாங்கள் மறைக்கவில்லை; அதை ஈடுசெய்ய ஒரு திட்டம் வகுத்தோம். இரவில் தமிழ்க் கதைப்புத்தகம் வாசித்துக்காட்டுவது என் பொறுப்பு. நூலகத்திலிருந்து வாரந்தோறும் புத்தகங்கள் எடுத்து வருவது அப்பாவின் பொறுப்பு. தங்கைக்கு நான்கு வயதாகும் ஆண்டில் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக்கு விண்ணப்பிக்கவும் முடிவு செய்தோம். 2014இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்று தாய்மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. இடம் கிடைக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

ஜனவரியில் தங்கை நர்சரியில் சேர்ந்தாள். முதல் இரண்டு வாரம் வாசலிலேயே அழுதாள். அம்மாவும் வேலைக்குப் போகும் வழியில் அழுதாராம். பாட்டி பத்துத் தமிழ்ச் சொற்களைச் சொல்ல, நான் அவற்றை ஆங்கில எழுத்துகளில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தேன். தண்ணி, பசி, வலி, தூக்கம், பயம்... அவர் அந்தத் தாளை வகுப்புக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தார்.

ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியபோது இருவரும் வழக்கம்போல் சன்னலோரம் அமர்ந்திருந்தனர். தங்கை பத்து வரை தமிழில் எண்ணிவிட்டு, அடுத்த பேருந்துக்கு “லெவன்!” என்றாள்.

“பதினொன்று,” என்றேன் நான், பாட்டியை முந்திக்கொண்டு.

தங்கை என்னை வியப்புடன் பார்த்தாள். நானும் அவர்கள் அருகில் அமர்ந்து பன்னிரண்டாவது பேருந்துக்காகக் காத்திருந்தேன்.

அருஞ்சொற்பொருள்

சுழல்முறை வேலை – நேரம் மாறி மாறி வரும் பணி
மட்டற்ற – அளவில்லாத
பிசகுதல் – தவறுதல்
ஈடுசெய்தல் – குறையை நிறைவுசெய்தல்

சிந்தித்து விடையளிக்க

1. மூன்று நிலையங்களின் நிறைகுறைகளை அட்டவணைப்படுத்துக.
2. “தண்ணி வேணும்” என்று தங்கை கேட்டபோது முதல் நிலையத்திலும் மூன்றாவது நிலையத்திலும் பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிடுக.
3. பாட்டி கூறியதைக் கேட்டுக் கதைசொல்லி தரையைப் பார்த்தது ஏன்?
4. நீங்கள் அக்குடும்பத்தில் ஒருவராக இருந்தால் எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.