பாக்டீரியாவின் சிக்கனம்: நைட்ரஜன் ஜீன்கள் இயங்கும் முறை

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உளது. எனினும் பயிர்கள் அதனை நேராக உட்கொள்ள இயலாது. சிலவகை நுண்ணுயிர்களே அவ்வாயுவை அம்மோனியாவாக மாற்றவல்லவை. இம்மாற்றத்தை நிகழ்த்துவது நைட்ரோஜினேஸ் என்னும் என்ஸைமாகும்.

இப்பணி பெருஞ்செலவுடையது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றுவதற்கு, உயிரணுவுக்குச் சக்தியளிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது 16 வேண்டும். பிராணவாயு பட்டால் இந்த என்ஸைம் கெட்டும் விடும். ஆகவே, அம்மோனியா எளிதில் கிடைக்குமிடத்துப் பாக்டீரியா இதனை உண்டாக்குவதில்லை.

கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவில் இவ்வொழுங்கு தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. இதில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் சுமார் 20 'நிஃப்' ஜீன்கள் ஒருங்கே அமைந்துள்ளன. 1972-ஆம் ஆண்டில் டிக்ஸன், போஸ்ட்கேட் ஆகிய விஞ்ஞானிகள் இவற்றை ஈ. கோலை என்னும் வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றி, அதனையும் நைட்ரஜனை நிலைப்படுத்தச் செய்தனர்.

இந்த ஜீன்கள் இயங்கும் வகை பின்வருமாறு:

1. நைட்ரஜன் உணவு குறையின், உயிரணுவினுள் குளூட்டமின் என்னும் அமினோ அமிலம் குறைகிறது.

2. அதனால் 'என்.டி.ஆர்.-சி' என்னும் புரதத்துடன் பாஸ்பேட் சேர்கிறது. அப்புரதம் 'நிஃப்-ஏ' ஜீனைத் தூண்டுகிறது.

3. அதனின்று உண்டாகும் 'நிஃப்-ஏ' புரதம் ஏனைய 'நிஃப்' ஜீன்களைத் தூண்ட, நைட்ரோஜினேஸ் உருவாகிறது.

4. அம்மோனியாவோ பிராணவாயுவோ மிகுந்தால், 'நிஃப்-எல்' என்னும் புரதம் 'நிஃப்-ஏ'வைத் தடுத்துவிடுகிறது.

உழவர்க்கு வழங்கப்படும் அஸோட்டோபாக்டரிலும் 'நிஃப்-எல்' தடை உண்டு. பயறுவகைகளின் வேர்முடிச்சில் வாழும் ரைஸோபியத்தில் முறை சற்று வேறு. அங்கே பிராணவாயு குறைவதே ஜீன்களைத் தூண்டும் குறிப்பு. ஆயினும், மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடியே முடிச்சுகளைக் குறைத்துக் கொள்கிறது. எனவே பயன் இரண்டிலும் ஒன்றே.

பாக்டீரியாக் கலவையில் விதைநேர்த்தி செய்த உழவர் யூரியாவையும் மிகுதியாக இடுவாராயின், இரு செலவுகளுள் ஒன்று வீணாகும். பின்னர் அவர் கலவையைக் குறைகூறுவார். மறு பருவத்தில் அதனை வாங்கவும் மாட்டார். பயறுவகைகளுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 20 கிலோ நைட்ரஜனைத் தொடக்க உரமாக இடுதல் பெரும்பாலும் போதுமானது என்பதைக் களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கண்கூடாகக் காட்டலாம். யூரியா மிகுதியாக இட்ட பாத்தியிலிருந்தும் இடாத பாத்தியிலிருந்தும் பூக்கும் பருவத்தில் செடிகளை வேருடன் தோண்டியெடுத்து, முடிச்சுகளை எண்ணி, நறுக்கிப் பார்க்கச் செய்க. உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பவை பணிபுரியும் முடிச்சுகள். வெளிறியோ பசுமையாகவோ இருப்பவை பணிபுரியாதவை.