முக்கால் பங்கு கல்வி

மாணவனிடத்தில் கல்வி எவ்வாறு நிலைபெறுகிறது என்னும் வினாவுக்கு, நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்குக் காட்டுகிறது. சமண முனிவராகிய பவணந்தியார், சீயகங்கன் என்னும் அரசன் வேண்ட இயற்றிய இலக்கண நூல் அது. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை அவருடைய ஊராகக் கொங்கு நாட்டார் போற்றுவர். ஆசிரியர் உரைப்பதை மாணவன் நன்கு மனங்கொண்டாலும் புலமையில் கால் பங்கே அவனுக்குக் கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும். இதுவே அக்கணக்கு.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் இதனை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். இதன் பொருள் விளங்கியதோ, ஆனைமலை வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றிய நாளில்தான்.

அப்பள்ளிக்கு வேட்டைக்காரன்புதூர், ஒடையகுளம், சேத்துமடைப் பக்கங்களிலிருந்து மாணவர் வந்தனர். தென்னந்தோப்பு உரிமையாளரின் மக்களும், அத்தோப்பிலேயே தேங்காய் உரிப்பவரின் மக்களும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். மலைக் குடியிருப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் பயின்றனர். காலை வழிபாட்டுக் கூட்டம், தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள் விளக்கம், அதன்பின் பாடவேளைகள் என நாள் நகரும். வகுப்பறையில் எல்லாரும் ஒரே நிறச் சீருடையில் ஒருவர் போலவே தோன்றுவர். நண்பகல் மணி அடித்தபின்தான் அவரவர் இல்லத்தின் நிலை வெளிப்படும்.

தமிழகத்தில் பள்ளியில் உணவளிக்கும் வழக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் அது மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டமாயிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 சூலைத் திங்களில் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 1984இல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்கும் கிடைத்தது. எனினும் நம் பள்ளியில் சத்துணவு உண்போர் ஒரு வரிசையாகவும், தூக்குப்போசியில் வீட்டுச் சோறு கொணர்வோர் வேப்பமரத்தடியில் தனியாகவும் அமர்ந்தனர். உடன் பயில்வாரிடமிருந்து பெற வேண்டிய கால் பங்கு, அவ்விரு வரிசைகளுக்கு இடையே கிடந்தது. ஒரு நாள் நாம் நம் உணவை எடுத்துச்சென்று சத்துணவு வரிசையில் அமர்ந்தோம். முதல் வாரம் எவரும் வரவில்லை. பின்னர் ஒவ்வொருவராக வந்தனர். ஒரு மாதத்திற்குள் வேப்பமரத்தடியில் இருந்தது ஒரே வரிசைதான்.

இவ்விடத்தில் நம் சமூகத்துப் பெற்றோர் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. “முட்டை வழங்கும் பந்தியில் நம் பிள்ளை எவ்வாறு அமரலாம்?” என்பர். முட்டை உண்ணாத மாணவர்க்கு வாழைப்பழம் வழங்கும் முறை இன்று சத்துணவிலேயே உள்ளது. வீட்டு உணவும் கொடுத்தனுப்பலாம். விரதம் நம் நாவைக் கட்டுவதற்கு உரியது. பக்கத்துத் தட்டை இகழ்வதற்கு உரியதன்று. தன் உணவில் உறுதியும், அருகில் இருப்பவனிடத்தில் அன்பும் ஒருங்கே கொள்ளுதல் கூடும் என்பதைப் பிள்ளை கற்குமிடம் அப்பந்தியே.

இனி அரைப் பங்கினைக் காண்போம். வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளை மன்றங்களுக்கு உரியதாயிருந்தது. இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம் ஆகியன அன்று கூடும். ஒன்பதாம் வகுப்பில் காடர் குடியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். வகுப்பில் வினா எழுப்பினால் தலை கவிழ்ந்து நிற்பாள். ஒருமுறை அறிவியல் மன்றத்தில் பறவைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவள் தானாகவே எழுந்து இருவாச்சியைப் பற்றிக் கூறத் தொடங்கினாள். பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும் என்றாள். சிறு பிளவு ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் என்றாள். ஆண் பறவை நாள்தோறும் பழம் கொணர்ந்து அதன் வழியே ஊட்டும் என்றாள். கேட்ட பிள்ளைகள் வினாமேல் வினா தொடுத்தனர். எல்லாவற்றிற்கும் விடை கூறினாள். அன்று அவளே ஆசிரியை, நாம் மாணவர்.

அடுத்த ஆண்டு அவ்வகுப்பு பத்தாம் வகுப்பாயிற்று. அரசுத் தேர்வை எண்ணி, வெள்ளிக்கிழமை மன்ற வேளையைக் கணக்குப் பயிற்சிக்கெனக் கேட்டுப் பெற்றவர் நாமே. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. அம்மாணவியோ அரையாண்டு விடுமுறைக்குப்பின் பள்ளிக்குத் திரும்பவில்லை. மன்றம் நின்றதனால்தான் அவள் நின்றாள் என்று கூற நம்மிடம் சான்றில்லை. ஆயினும் அவள் தலைநிமிர்ந்து பேசிய ஒரே பாடவேளையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர் நாம் என்பதை மறுக்க இயலாது. ஓய்வுபெற்றுப் பல்லாண்டு ஆனபின்னும் இது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் செய்துபார்த்துக் கற்கும் வகையில், 2022இல் தமிழக அரசு வானவில் மன்றங்களைத் தொடங்கியது. சுற்றுச்சூழலுக்கெனத் தேசிய பசுமைப் படை உள்ளது. வாய்ப்புகள் பெருகியுள்ளன. அவ்வேளையைத் தேர்வுப் பயிற்சி விழுங்கிவிடாமல் காத்தல் பெரியோர் கடமை.

ஆதலின் இளம் ஆசிரியர்க்குச் சொல்வோம்: வாரத்தில் ஒரு நாளேனும் மாணவரோடு அமர்ந்து உண்ணுங்கள், பேசாத பிள்ளை எதனை அறிந்திருக்கிறது என்பதைத் தேடிக் கண்டறிந்து அதனையே பேசச் செய்யுங்கள். பெற்றோர்க்குச் சொல்வோம்: மாலையில் பிள்ளை வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

1. இன்று யாருடன் அமர்ந்து உண்டாய்?
2. உடன் பயில்வாரிடமிருந்து எதனைக் கற்றாய்?
3. நீ யாருக்கு எதனைச் சொல்லிக்கொடுத்தாய்?

இம்மூன்றிற்கும் விடை கிடைக்குமாயின், பவணந்தியார் கூறிய முக்கால் பங்கும் உங்கள் இல்லத்திற்கு வந்துசேர்ந்தது என்று மகிழலாம்.