நிலவின் வட்டமும் நீர்த்துளியின் அளவும்

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற வானாய்வகம், எட்டாத விண்மீன்களை ஒளியால் ஆராய்கிறது. கண்ணுக்குப் புலனாகாத மேகத்துளியையும் நாம் ஒளியாலேயே அளக்கலாம்.

மெல்லிய மேகம் நிலவை மறைக்கையில், அதனைச் சுற்றிச் செவ்வோரமுள்ள வட்டம் தோன்றுவதுண்டு. துளிகளைக் கடக்கும் ஒளி வளைந்து பரவுவதே காரணம். துளி சிறுத்தால் வட்டம் பெரிதாகும்.

நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ 1 பாகை. நிலவின் நடுவிலிருந்து செவ்வோரம் வரை இரண்டு விரலாயின், துளியின் விட்டம் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர், நான்கு விரலாயின் 0.01. ஒரு சாண் தொலைவில் தோன்றும் பெருவட்டம் பனிப்படிகங்களால் ஆவது; அதற்கு இக்கணக்குப் பொருந்தாது.

0.02 மில்லிமீட்டர்த் துளிகள் 10 லட்சம் சேர்ந்தாலே 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாகும். ஆகவே வட்டத்தை மட்டும் நம்பி விதைத்தலாகாது. வானிலை அறிக்கையையும் அறிந்தே விதைப்போமாக.