செலவும் வரவும்

நுழையும் முன்

வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்குமாயின், அப்பணியை ஏற்பதா, விடுப்பதா? பெருநகரங்களைச் சுற்றி வாழும் குடும்பங்களில் என்றேனும் ஒருநாள் எழும் வினா இது. உங்களுள் சிலருடைய வீடுகளில் இப்போதே எழுந்திருக்கலாம். மும்பையையும் அதன் புறநகரான அம்பர்நாத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை இப்பாடம் ஆராய்கிறது. பாடத்தில் ஒரு சிறு கணக்கு வருகிறது. தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும்.

பாடம்

'செலவு' என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் பணத்தோடு சேர்த்தே வழங்குகிறோம். 'செல்' என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குப் பழந்தமிழில் செல்லுதல், பயணம் என்பதே பொருள். 'வரவு' என்பதும் அத்தகையதே. வருதலைக் குறித்த சொல் வருமானத்தையும் குறிக்கலாயிற்று. வீட்டுக் கணக்கேட்டில் நாம் எதிரெதிரே எழுதும் வரவும் செலவும் ஒருகாலத்தில் கால்களால் நடந்தவை.

சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்கள் பலவற்றில், தலைவன் பொருள் தேடப் புறப்பட எண்ணுகிறான். போகலாமா, இருக்கலாமா என்று தன் நெஞ்சோடு பேசுகிறான். இப்பிரிவைப் பொருள்வயிற் பிரிவு என்பர். புறப்படும் வேளையில் அவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்றனர். அத்தயக்கம் போகாமல் நின்றுவிடுவதாகாது. பிரிவைத் தாங்குமாறு தலைவியைத் தேற்றுவதற்காகத் தாழ்ப்பதே என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்குகிறது. கலித்தொகையின் பாலைக்கலியில் தோழி தலைவனோடு வாதாடுகிறாள். அவன் கொண்டுவரும் பொருள், கழிந்துபோகும் இளமைக்கு ஈடாகுமா என்பது அவள் கேள்வி.

அன்றைய தலைவன் ஒருமுறை பிரிந்தான். பருவம் திரும்பும்போது தானும் திரும்பினான். இன்று அம்பர்நாத்திலிருந்து மும்பைக்கு வேலைக்குச் செல்பவர் நாள்தோறும் பிரிகிறார், நாள்தோறும் திரும்புகிறார். தயங்கி நிற்க அவருக்கு நேரம் இல்லை. ஏழு பதினான்கு வண்டி எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. மறு ஆண்டில் இருப்புப்பாதை கல்யாணை எட்டியது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா நிலையத்திற்கும் குர்லாவிற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பாதை நீண்ட இடமெல்லாம் குடியிருப்பும் நீண்டது. அலுவலகங்களோ நெடுங்காலம் தென்முனையிலேயே செறிந்திருந்தன. கடலால் சூழப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீட்டு வாடகை ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்கள் தாதரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் டோம்பிவிலிக்கும், அங்கிருந்து அம்பர்நாத், பத்லாப்பூர் ஆகிய இடங்களுக்கும் நகர்ந்தன. மாதுங்காவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இவ்வழியிலேயே வந்தன. வாடகையில் மிச்சமான பணத்திற்கு ஈடாக நேரத்தைக் கொடுத்தார்கள்.

அந்நேரம் எப்படிக் கழிகிறது என்பதை வெளியூரிலிருந்து வருவோர் எளிதில் அறியமாட்டார். மும்பையில் தொடர்வண்டிக்குப் பெயர் அதன் நேரமே. 'நான் எட்டு ஐந்தில் வருகிறேன்' என்றால், அவ்வண்டியில், வழக்கமான பெட்டியில், வழக்கமான வாயிலருகே வருகிறேன் என்று பொருள். மூவர் அமரும் இருக்கையில் நான்காமவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். அதற்குச் 'சௌதி சீட்' என்றே பெயருண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு அவரது இடத்திற்கு முன்பதிவு செய்துகொள்வதும் வழக்கம். சிலர் எதிர்த்திசையில் செல்லும் வண்டியில் ஏறி, அது புறப்படும் நிலையம்வரை சென்று, அதே வண்டியில் அமர்ந்தபடி திரும்பி வருவர். ஓர் இருக்கைக்காக அரைமணி நேரம் பின்னோக்கிப் பயணம் செய்வது மூடத்தனமாகத் தோன்றலாம். ஒன்றரை மணிநேரம் நின்றவர்க்கு அது தோன்றாது. மாலையில் மகளிர் பெட்டியில் கீரை ஆய்வோரும் பட்டாணி உரிப்போரும் உண்டு. தசரா நெருங்கும்போது பெட்டிக்கு மாலை சூட்டிப் பூசை செய்து இனிப்பு வழங்குவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே பெட்டியில் சென்றவர்கள் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் வருவதும் உண்டு. இந்த உறவு மெய்யானதே. ஆனால் நெரிசலை இனிமையாக்கிக் கதை சொல்வோர் பெரும்பாலும் இருக்கை கிடைத்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அம்பர்நாத்தில் வாழும் கயல்விழி வணிகவியல் பட்டதாரி, அகவை இருபத்துமூன்று. தந்தை உள்ளூர்த் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மிதிவண்டியில் பத்து நிமிடத்தில் வாயிலை அடைந்துவிடுவார். தம்பி ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பணி வாய்ப்புகள் வருகின்றன. ஒன்று, உள்ளூர்த் தொழிற்பேட்டையில் கணக்கர் பணி. மாத ஊதியம் 18,000 ரூபாய். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். மற்றொன்று, மும்பைக் கோட்டைப் பகுதியில் உள்ள தணிக்கையாளர் அலுவலகத்தில். ஊதியம் 27,000 ரூபாய். தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

"ஒன்பதாயிரம் கூடுதல் அல்லவா! இதில் எண்ணிப் பார்க்க என்னம்மா இருக்கிறது?" என்கிறாள் கயல்விழி. தந்தை மறுமொழி கூறாமல் கணக்கேட்டைத் திறக்கிறார்.

நாமும் திறப்போம். நிலையத்தை அடைந்து வண்டி ஏற 20 நிமிடம். விரைவு மின்வண்டியில் ஏறத்தாழ 80 நிமிடம். இறங்கி அலுவலகம் அடைய 20 நிமிடம். ஒருவழிக்கு இரண்டு மணிநேரம், ஒரு நாளைக்கு நான்கு மணிநேரம். உள்ளூர்ப் பணிக்கு ஆகும் 40 நிமிடத்தைக் கழித்தால், நகரப் பணிக்குக் கூடுதலாகச் செல்வது நாளொன்றுக்கு 200 நிமிடம். மாதத்திற்கு 25 வேலைநாள் எனின் 5,000 நிமிடம். அதாவது 83 மணி 20 நிமிடம். பருவச்சீட்டு மலிவுதான், ஆயினும் பங்கு ஆட்டோ, தேநீர், மாலைச் சிற்றுண்டி எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 1,500 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். 9,000 ரூபாயில் எஞ்சுவது 7,500. அதனை 83 மணி 20 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 90 ரூபாய்.

இப்போது உள்ளூர்ப் பணியைப் பாருங்கள். மாதத்திற்கு 25 நாள், நாளுக்கு 8 மணிநேரம், ஆக 200 மணிநேரம். 18,000 ரூபாயை வகுத்தால் அங்கும் மணிக்கு 90 ரூபாய்தான்!

கயல்விழி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறாள். உயர்ந்த ஊதியம் என்று அவள் எண்ணியது, அதே விலைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி இருபது நிமிடம் கூடுதலாக உழைப்பதற்கு ஒப்பானது. ஆண்டு முழுவதையும் கூட்டினால் பயணத்தில் மட்டும் 1,200 மணிநேரம். இரவும் பகலுமாக ஐம்பது முழு நாள்கள்.

அவ்வாறாயின் உள்ளூர்ப் பணியே மேல் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரமே. தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்றாண்டு பயின்றவருக்குத் திறக்கும் கதவுகள், சிறு தொழிற்கூடத்தின் கணக்கருக்குத் திறப்பதில்லை. இன்றைய ஊதிய வேறுபாட்டைக் கணக்கிட்ட தந்தை, ஐந்தாண்டுக்குப் பின் வரும் வேறுபாட்டைக் கணக்கிடவில்லை. அவரால் இயலவும் இயலாது. தொழிற்சாலைச் சங்கு ஒலித்தபின் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் அவருக்குப் போதும். மகளை மும்பைக்கு அனுப்பியே தீரவேண்டும் என்பவர் தாய்தான். தனியாகத் தாதர் நிலையத்தைத் தாண்டியறியாத அவர், மகள் தாண்டவேண்டும் என்று விரும்புகிறார்.

ஆனால் அவர் விருப்பத்தின் விலையைப் பெரிதும் கொடுக்கப்போகிறவரும் அவரே. ஆறேமுக்கால் மணிக்கு வீட்டை விட்டு இறங்கும் மகளுக்கு உணவு கட்டித் தர வேண்டுமாயின் நாலரை மணிக்கே அடுப்பு எரியவேண்டும். இச்சிக்கல் இந்நகருக்குப் புதிதன்று. வீட்டு உணவைப் பின்னர்ப் பெற்றுக்கொண்டு நண்பகலில் அலுவலகத்தில் சேர்க்கும் டப்பாவாலாக்களின் தொழில் 1890 ஆம் ஆண்டளவில் இங்குத் தோன்றியது. உணவு அணியமாகும் முன்பே உண்பவர் புறப்பட்டுவிடும் ஊரில்தான் அப்படி ஒரு தொழில் தழைக்க முடியும். இரவு எட்டரைக்கு மேல் திரும்பும் அக்காவிடம் தம்பி கணக்குப் பாடம் கேட்பது எப்போது? தாயின் உறக்கமும் தம்பியின் ஐயமும் தந்தையின் கணக்கேட்டில் எந்த வரியிலும் இல்லை.

இடரையும் எண்ணவேண்டும். 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வண்டிகள் நின்றன, பல்லாயிரவர் அலுவலகங்களிலேயே இரவைக் கழித்தனர், நீருக்குள் நடந்தே வீடு சேர்ந்தவர்களும் பலர். அத்தகைய நாள் அரிது. ஆனால் வாயிலில் தொங்கிச் செல்லும் நாள் அரிதன்று. 2025 சூன் 9 அன்று மும்ப்ரா நிலையத்தருகே நெரிசல் மிக்க வண்டிகளிலிருந்து பயணிகள் விழுந்து உயிரிழந்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். அடுத்த வண்டிக்காகக் காத்திருத்தல் சோம்பல் ஆகாது. தாமதத்திற்கு ஊதியத்தைப் பிடிக்கும் அலுவலகங்கள் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றையும் அக்குடும்பம் பேசுகிறது. நகரிலேயே மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டால் என்ன? கூடுதல் வருவாயின் பெரும்பகுதியை விடுதிக் கட்டணம் விழுங்கிவிடும். தாயோ, "நாள்தோறும் களைத்து வந்தாலும் வந்துவிடுகிறாய் அல்லவா, கண்ணு?" என்று ஒரே வரியில் அப்பேச்சை முடித்துவிடுகிறார். ஊர்விட்டு ஊர் மாற்றலாகிப் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு அவ்வரியின் பொருள் நன்றாகவே புரியும்.

என் கருத்தைக் கேட்டால், கயல்விழி போகலாம் என்பேன். ஆனால் எல்லை குறித்துக்கொண்டு போகவேண்டும். இரண்டாண்டு என்று நாள்காட்டியில் எழுதி வைத்து, அந்நாளில் கணக்கேட்டை மீண்டும் திறக்கவேண்டும். எல்லை குறிக்காமல் ஏறியவர்கள் அதே பெட்டியில் ஓய்வு பெறும்வரை சென்றதைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் அப்படித் தீர்மானித்தவர்கள் அல்லர், தீர்மானிக்காமலே இருந்துவிட்டவர்கள். அம்பர்நாத்திலிருந்தே புறப்படும் வண்டியைப் பிடித்தால் இருக்கை கிடைக்கும். அமர்ந்து செல்லும் ஒரு மணிநேரம் தேர்வுக்குப் படிக்க உதவும், நின்று செல்லும் ஒரு மணிநேரம் எதற்கும் உதவாது. அலுவலக நேரத்தை அரைமணி முன்பின்னாக மாற்றித்தர இயலுமா என்று பணியில் சேரும் முன்பே கேட்டுவிடவேண்டும். சேர்ந்தபின் கேட்பது கடினம். நாலரை மணி அடுப்பைத் தாயிடமே விட்டுவிடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காய்களை முந்தைய இரவே நறுக்கி வைக்கத் தந்தையால் முடியும். சோறு வடிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவனாலும் முடியும்.

"அப்படியென்றால் எனக்குக் கணக்கு யார் சொல்லித் தருவார்?" என்று தம்பி கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கென ஒதுக்கப்படுகிறது. அன்று வண்டிகளுக்கு மெகா பிளாக். அக்காவும் எங்கும் போகமாட்டாள்.

அருஞ்சொற்பொருள்

அழுங்குதல் – தயங்குதல், தவிர்தல்; தாழ்த்தல் – காலம் நீட்டித்தல்; அகவை – வயது; பருவச்சீட்டு – குறித்த காலம்வரை பயணம் செய்ய உதவும் சீட்டு, பேச்சுவழக்கில் பாஸ்; அணியமாதல் – ஆயத்தமாதல்; தணிக்கையாளர் – கணக்குகளைச் சரிபார்ப்பவர்; மெகா பிளாக் – பாதைப் பராமரிப்புக்காகச் சில மணிநேரம் வண்டிகளை நிறுத்திவைத்தல்.

மொழியை அறிவோம்

செலவு, வரவு ஆகியன தொழிற்பெயர்கள். இவைபோல் ஒரு செயலைக் குறித்துப் பின் வேறு பொருளையும் பெற்ற தொழிற்பெயர்கள் தமிழில் பல. 'படிப்பு', 'இருப்பு', 'நடப்பு' ஆகியவற்றை இருபொருள் தோன்றத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

சிந்தித்து எழுதுக

1. செலவழுங்குதல் என்றால் என்ன? இன்றைய பயணிக்கு அதற்கு நேரமில்லை என்று பாடம் கூறுவது ஏன்?

2. கயல்விழிக்கு நகரப் பணியில் 30,000 ரூபாய் ஊதியம் எனின், கூடுதல் பயண நேரத்தின் மதிப்பு மணிக்கு எவ்வளவு ஆகும்? வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணிசெய்ய இசைந்தால் கணக்கு எவ்வாறு மாறும்?

3. தந்தை, தாய், தம்பி ஆகிய மூவருள் எவர் கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்கள்? மற்ற இருவருக்கும் மறுமொழி கூறுவதுபோல் எழுதுக.

4. உங்கள் வீட்டில் நெடுந்தொலைவு சென்று பணிபுரிபவர் ஒருவரிடம் ஒரு நாளின் நேரக்கணக்கைக் கேட்டுக் குறித்து வருக. அவர் புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் வீட்டில் உள்ள பிறர் செய்யும் வேலைகளையும் அதே தாளில் எழுதுக. வகுப்பில் படிக்கும் முன் அத்தாளை அவரிடம் காட்டி இசைவு பெறுக.